வென்றவன் வெளியே! தோற்றவன் உள்ளே!



2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19-ஆம் நாள். வேல்சு நாட்டுத் தலைநகர் கார்டிஃப். நகரின் நடுவே, டாஃப் ஆற்றங்கரையிலே, கூரை போட்ட மாபெரும் விளையாட்டுத் திடல். ஆட்டம் தொடங்குமுன் கூடிநின்று பாடுவது அந்த நாட்டு மக்களின் வழக்கம். பாடினார்கள், பூரித்தார்கள். இடைவேளை மணி அடித்தபோது கணக்குப் பலகை சொன்னது: வேல்சு 12, எதிரணி 3. முடிந்தது கதை, மூட்டை கட்டலாம் என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள்!

முடியவில்லை கதை. இடைவேளைக்குப் பிறகு வேல்சு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எதிரணியின் சாண்ட்ரோ டோடுவா பாய்ந்து சென்று கோட்டுக்கு அப்பால் பந்தைப் பதித்தார். கணக்கு 12-க்கு 10 ஆயிற்று. பாட்டொலி தணிந்தது. ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் இருக்கும்போது, பாதியில் மாற்றாளாகக் களம் புகுந்த லூகா மட்காவா என்னும் இளைஞன், தண்ட உதைக்காகப் பந்தை நிலத்திலே நிறுத்தினான். நிமிர்ந்து கம்பங்களைப் பார்த்தான். உதைத்தான். பந்து இரு கம்பங்களுக்கும் நடுவே பறந்தது. 13-க்கு 12!

வேல்சைத் தன் வீட்டிலேயே வீழ்த்திய அந்த அணி எது? ஜார்ஜியா! அமெரிக்காவிலே அந்தப் பெயரில் ஒரு மாநிலம் இருக்கிறதே, அதுவல்ல. கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசு மலையடியிலே இருக்கும் சின்னஞ்சிறு நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 37 இலட்சம். நமது சென்னை மாநகரின் தொகையைவிடக் குறைவு. ஜார்ஜியா என்பதுகூட அயலார் இட்ட பெயர். அவர்கள் தம் நாட்டைத் தம் மொழியிலே சகார்த்வெலோ என்று அழைக்கிறார்கள். சென்னை மாகாணம் என்ற பெயரைத் தமிழ்நாடு என்றாக்க 1969 வரை காத்திருந்த நமக்கு, சொந்தப் பெயரின் சுவை என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

“அதெல்லாம் சரி, நமக்கு ஏனய்யா ரக்பி? பஞ்சாலையிலே இரவு முறை முடித்துவிட்டுத் தேநீர்க் கடையிலே ஏட்டைப் பிரித்தால், ஆலைக் கூலியைப் பற்றி எழுதாமல், முட்டைப் பந்தைப் பற்றி எழுதுகிறாயே!” என்று கேட்கும் தோழர்களின் குரல் எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள். இது பந்தைப் பற்றிய கதையாகத் தொடங்கி, ஒரு வாசலைப் பற்றிய கதையாக முடியப் போகிறது. வாசல்களைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ன!

முதலில் ஆட்டத்தை அறிந்துகொள்வோம். அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலே ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. பின்னால் வரும் தோழனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையிலே பதித்தால் 5 புள்ளி. எல்லாவற்றிலும் கடினமானது ‘ஸ்க்ரம்’ என்பது. மூட்டை ஏற்றிய வண்டி சேற்றிலே சிக்கிக்கொண்டால், எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே வண்டியை எதிர்ப்புறமிருந்து வேறு எட்டுப் பேர் தள்ளினால் எப்படி இருக்கும்? வண்டியை எடுத்துவிடுங்கள், தோளோடு தோள் மோதட்டும். அதுதான் ஸ்க்ரம். அங்கே அழகு எடுபடாது, அலங்காரம் எடுபடாது. கழுத்தும் முதுகும் தொடையும் பேசும். அந்தப் பேச்சிலே ஜார்ஜியரை வெல்ல உலகிலே ஆட்கள் குறைவு.

ஆனால் தோழர்களே, ஜார்ஜியா ரக்பி நாடாகப் பிறந்த நாடல்ல. மற்போர் அந்த மக்களின் பழம்பெரும் கலை. இசைக்கருவிகள் முழங்க மல்லர்கள் மோதும் மரபு அங்கே உண்டு. பளு தூக்குவதிலே பெயர் பெற்றவர்கள். கால்பந்திலே திபிலிசி நகரத்து டைனமோ அணி 1981-இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையையே கைப்பற்றியது. சதுரங்கத்திலோ கேட்கவே வேண்டாம்! நோனா கப்ரிந்தாஷ்விலி என்ற ஜார்ஜியப் பெண்மணி 1962 முதல் 1978 வரை மகளிர் உலகச் சாம்பியன். அவரிடமிருந்து பட்டத்தைப் பெற்றவரும் மாயா சிபுர்தனிட்சே என்ற இன்னொரு ஜார்ஜியப் பெண்தான். இப்படி மல்லர்க்கும் மதியூகிகளுக்கும் குறைவில்லாத நாட்டிலே, புது ஆட்டம் ஒன்று வந்து வேர் பிடிப்பது எளிதா?

எளிதாக இல்லை. 1928-இல் ஒரு முயற்சி, பலிக்கவில்லை. 1940-இல் ஒன்று, 1948-இல் ஒன்று; அவையும் பலிக்கவில்லை. 1949-இல் சோவியத்து ஆட்சி, அயல்நாட்டு மோகத்தை ஒழிக்கிறோம் என்று கிளம்பி ரக்பிக்கே தடை போட்டுவிட்டது. அப்போது சோவியத்தை ஆண்டவர் யார்? அதே ஜார்ஜிய மண்ணிலே, கோரி என்ற ஊரிலே பிறந்த ஸ்டாலின்! (பெயரைக் கேட்டதும் நம் தோழர்கள் புன்னகைப்பார்கள். இவர் அசல் ஜார்ஜியர். நம்மவர்க்குப் பெயரை மட்டும் கொடுத்தவர்.) பிறகு 1957-இல்தான் சோவியத்து நாட்டிலே மீண்டும் ரக்பிப் போட்டிகள் நடந்தன.

1959 அக்டோபர் 15. திபிலிசி நகரத்துக் குதிரைப் பந்தயத் திடல். மார்செய் நகரிலிருந்து வந்த ஆர்மீனியர் ஒருவர், ஷாக் ஹஸ்பேக்கியான் என்பது அவர் பெயர், முட்டைப் பந்தோடு வந்து நின்றார். கூடியவர்கள் இருபது பேர். இருபதே பேர்! பெரும்பாலும் மாணவர்கள். அந்த இருபதிலிருந்து பல்தொழில்நுட்பக் கழகத்து அணி பிறந்தது. 1964-இல் ரக்பிச் சங்கம் பிறந்தது. ஹஸ்பேக்கியான் சில ஆண்டுகள் கற்றுக் கொடுத்துவிட்டுப் பிரான்சுக்கே திரும்பிவிட்டார். விதைத்தவர் போன பிறகும் பயிர் நின்றது. ஏன் நின்றது?

இங்கேதான் நான் வியக்கும் பகுதி வருகிறது. குரியா என்னும் பகுதியிலே சுகூத்தி என்றொரு சிற்றூர். அங்கே ஆண்டுக்கொரு முறை, ஈஸ்டர் நாளிலே, ‘லேலோ புர்த்தி’ என்ற ஆட்டம் நடக்கிறது. ஊர் இரண்டாகப் பிரியும்: மேலூர், கீழூர். மண்ணை அடைத்து, திராட்சை மதுவால் நனைத்துத் தைத்த தோல் பந்து. எடை ஏறத்தாழ 16 கிலோ. நமது அரிசி மூட்டையிலே பாதிக்கு மேல்! அந்தப் பந்தை யார் தங்கள் பக்கத்து ஓடைக்குக் கொண்டு சேர்க்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இத்தனை பேர்தான் ஆடலாம் என்ற கணக்கு இல்லை. வயலும் வேலியும் பள்ளமும் மேடும் எல்லாமே திடல். பாதிரியார் பந்துக்கு ஆசி கூறித் தொடங்கி வைக்கிறாராம். அது அவர்கள் நம்பிக்கை; 16 கிலோவைச் சுமப்பது என்னவோ ஊராரின் தோள்தான். வென்ற பக்கத்தார் பந்தை என்ன செய்வார்கள் தெரியுமா? வெற்றித் தூண் எழுப்புவதில்லை. விருந்து மண்டபத்தில் மாட்டுவதில்லை. அந்த ஆண்டிலே இறந்துபோன தம் ஊரார் ஒருவரின் கல்லறை மீது கொண்டுபோய் வைக்கிறார்கள்.

பந்தைக் கையால் பற்றி, கும்பலாய்த் தோள் கொடுத்து, எல்லை வரை சுமக்கும் ஆட்டம் பாட்டன் காலத்திலேயே இருந்த மண்ணுக்கு, ரக்பி விருந்தாளியாக வரவில்லை. தொலைந்துபோன உறவினன் திரும்பியதுபோல வந்தது. அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். கோட்டுக்கு அப்பால் பந்தைப் பதிப்பதை ஆங்கிலேயன் ‘ட்ரை’ என்கிறான். ஜார்ஜியன் அந்தச் சொல்லைக் கடன் வாங்கவில்லை. ‘லேலோ’ என்கிறான். நாட்டு அணிக்கே பெயர் லேலோக்கள்! ஆட்டம் அயலாருடையது, சொல் நம்முடையது என்று முடிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் ஆட்டமும் அவர்களுடையதாகிவிட்டது.

மொழி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக என் பேனா மறுக்கிறது. 1978-இல் சோவியத்து ஜார்ஜியாவுக்குப் புதிய அரசமைப்பு எழுதினார்கள். ஜார்ஜிய மொழியே ஆட்சிமொழி என்றிருந்த விதியை வரைவிலே கைவிட்டார்கள். ஏப்ரல் 14-ஆம் நாள் திபிலிசித் தெருக்களிலே மாணவர்கள் திரண்டார்கள், ஆயிரமாயிரமாய். துப்பாக்கிக்குப் பெயர்போன ஆட்சியின் முன்னே, எங்கள் மொழியிலே கை வைக்காதே என்று நின்றார்கள். மாஸ்கோ பணிந்தது, விதி மீண்டும் ஏறியது. அந்த நாளை இன்றும் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1965-ஐப் பாட்டன்மார் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த வீடுகளிலே இதற்கு உரை எழுத வேண்டுமா?

அதே திபிலிசியிலே, 1989 ஏப்ரல் 9-ஆம் நாள், விடுதலை கேட்டுக் கூடிய மக்கள்மீது சோவியத்துப் படை பாய்ந்தது. இருபது பேருக்குமேல் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அந்தத் துயரம் ஆறாத செப்டம்பரிலே, 12-ஆம் நாள், குடாய்சி நகரிலே, ஜார்ஜியா என்ற பெயரோடு ஒரு ரக்பி அணி முதன்முதலாக வேறொரு நாட்டை எதிர்த்து ஆடியது. எதிரணி சிம்பாப்வே. 16-க்கு 3 என்று ஜார்ஜியா வென்றது. நாடு இன்னும் விடுதலை பெறவில்லை, அணி பெற்றுவிட்டது!

1991-இல் விடுதலை வந்தது. கூடவே உள்நாட்டுப் போர், பட்டினி, இருட்டு. மின்சாரம் சில மணி நேரம் வந்தால் அதுவே திருநாள் என்றிருந்த காலம். அந்தக் காலத்திலே ரக்பிக்கு ஏது பணம்? ஸ்க்ரம் பயிற்சிக்கென்று மேல்நாட்டார் எந்திரம் வைத்திருப்பார்கள்; விலை அதிகம். ஜார்ஜியர் என்ன செய்தார்கள்? பழைய சோவியத்து டிராக்டரை எடுத்து, அதையே பயிற்சி எந்திரமாக மாற்றிக்கொண்டார்கள். உழவனுக்கென்று செய்த இரும்பை எட்டுப் பேர் குனிந்து தள்ளினார்கள். பட்டறையிலே வேலை பார்க்கும் நம் தோழர்களுக்கு இதன் அருமை தெரியும். இல்லாத கருவியை இருக்கிற இரும்பிலே செய்துகொள்பவன்தானே தொழிலாளி!

1999-இல் குளோத் சொரெல் என்ற பிரெஞ்சுக்காரர் பயிற்சியாளராக வந்தார். 2002 அக்டோபரிலே திபிலிசியில் ரஷியாவை 17-க்கு 13 என்று வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். நேற்றுவரை ஆண்டவனை இன்று திடலிலே வீழ்த்தினால் ஊர் எப்படி ஆடும்! அந்த நாளுக்குப் பிறகு ரக்பி மாணவர் ஆட்டமாக இல்லை, மக்கள் ஆட்டமாகிவிட்டது.

2003 உலகக் கோப்பையிலே என்ன நடந்தது? மறைக்காமல் சொல்கிறேன். முதல் ஆட்டத்திலே இங்கிலாந்து 84, ஜார்ஜியா 6. நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. சிரித்தவர்கள் சிரித்தார்கள். 2007-இல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரிலே அயர்லாந்தை எதிர்த்து ஆடினார்கள். 14-க்கு 10. தோல்விதான், ஆனால் கடைசி நிமிடம் வரை அயர்லாந்துக்கு மூச்சு முட்டியது. அடுத்து நமீபியாவை 30-க்கு 0 என்று வென்றார்கள். உலகக் கோப்பையிலே முதல் வெற்றி. 2015-இல் டோங்காவை வென்றார்கள், நமீபியாவை வென்றார்கள். அதே கோப்பையிலே நியூசிலாந்திடம் 43-க்கு 10 என்று தோற்ற ஆட்டத்திலே, ஆட்டநாயகன் விருது தோற்ற அணிக்காரருக்குப் போயிற்று. பெயர் மமூகா கோர்கோட்சே. சிறுவனாகக் கூடைப்பந்து ஆடியவர். பதினேழு வயதளவிலேதான் முட்டைப் பந்தைத் தொட்டார். மற்ற ஆட்டங்களின் நாட்டிலே ரக்பி எப்படி வளர்ந்தது என்று கேட்டால், அந்த ஒரு மனிதரைக் காட்டினால் போதும்.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. ஜார்ஜியாவின் முன்வரிசை வீரர்கள் பலர் பிரான்சு நாட்டுச் சங்கங்களிலே சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். மல்லர் மரபிலே வந்த கிராமத்துப் பிள்ளை, தடித்த கழுத்தோடு, தெரியாத மொழி பேசும் ஊருக்குப் போய், வாரந்தோறும் தோளைத் தேய்த்துக் காசு அனுப்புகிறான். வளைகுடாவுக்குப் போன அண்ணனின் பணத்திலே தங்கைக்குக் கலியாணம் நடந்த வீடுகள் நம்மிடையே எத்தனை! முதுகை விற்றுப் பிழைப்பவன் எந்த நாட்டிலும் ஒரே சாதிதான்.

உள்நாட்டிலே திடல்களையும் பயிற்சிக் கூடங்களையும் கட்டப் பெரும்பணம் தந்தவர் பிட்சினா இவானிஷ்விலி என்ற பெருஞ்செல்வர். 2012-இல் ஆட்சிக்கு வந்த ‘ஜார்ஜியக் கனவு’ கட்சியை நிறுவியவரும் அவரே. அவரது அரசியலை எதிர்த்து அந்த நாட்டிலே பெரும் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. பணக்காரன் கொடுத்த பந்துக்குப் பின்னே கயிறு ஒன்று இருக்கும் என்பது என் எண்ணம். ஆயினும் அந்தத் திடலிலே வியர்வை சிந்தியவன் பணக்காரன் அல்லவே!

இப்போது வாசலுக்கு வருவோம்.

ஐரோப்பாவிலே ரக்பிக்கு ‘ஆறு நாட்டுப் போட்டி’ என்று ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. 1883-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்சு என்று நான்கு வீட்டார் கூடித் தொடங்கியது. 1910-இல் பிரான்சு வந்தது. 2000-இல் இத்தாலி வந்தது. பிறகு? கதவைச் சாத்திவிட்டார்கள். போட்டிக்கு உடைமையாளர் யார்? அந்த ஆறு நாட்டுச் சங்கங்களே. 2021-இல் ஏழில் ஒரு பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். பேசிய தொகை 36 கோடி பவுனுக்கும் மேல். ஆகப் பணத்துக்குக் கதவு திறக்கும்! கடைசியில் வந்தவர் வெளியேறுவதும், வெளியே முதலில் வந்தவர் உள்ளே நுழைவதும், கால்பந்துக் குழுக்களிலே ஆண்டுதோறும் நடப்பது. இங்கே அது கிடையாது. உள்ளே பிறந்தவன் உள்ளேயே. வெளியே பிறந்தவன் வெளியேயே. இதற்கு நம் ஊரிலே என்ன பெயர் வைத்திருக்கிறோம், தோழர்களே?

வெளியே இருப்பவர்க்கென்று தனியே ஓர் ஐரோப்பியச் சாம்பியன் போட்டி. அதை 2018 முதல் 2025 வரை எட்டு ஆண்டும் தொடர்ந்து வென்றது ஜார்ஜியா. எட்டு முறை! உள்ளே இருந்த இத்தாலியோ 2015 முதல் 2022 வரை, ஆறு நாட்டுப் போட்டியிலே தொடர்ந்து 36 ஆட்டங்கள் தோற்றது. முப்பத்தாறு! இத்தாலியரைப் பழிக்க இதை எழுதவில்லை. தோற்றுத் தோற்றே கற்றுக்கொண்டார்கள். 2024-இல் ஸ்காட்லாந்தையும் வேல்சையும் வென்றுகாட்டினார்கள். தோற்றாலும் உள்ளே இருக்கலாம் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. அதனால் கற்றார்கள். அந்த உறுதியை அடுத்தவனுக்கும் கொடு என்பதுதான் வழக்கு.

“முதலில் தகுதியை நிரூபிக்கட்டும்!” என்றார்கள் வாசல் காப்போர். தகுதி, திறமை! கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொற்கள். நிரூபித்தார்கள். 2022 சூலை 10-ஆம் நாள், கருங்கடல் ஓரத்துப் பதூமி நகரிலே, இத்தாலியை 28-க்கு 19 என்று வென்றார்கள். நான்கு திங்கள் கழித்துக் கார்டிஃபிலே வேல்சையும் வென்றார்கள். அந்த இரண்டு வெற்றியிலும் பயிற்சியாளராக நின்ற லெவான் மைசாஷ்விலி, அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்காவிலே கொரோனா நோயால் செயற்கை மூச்சிலே கிடந்து, பிழைப்பாரா என்று நாடே கலங்கி நின்ற மனிதர். எழுந்து வந்து இரண்டு கோட்டைகளைத் தகர்த்தார்!

வாசல் திறந்ததா? இல்லை. வாதம் மாறியது. திபிலிசி தொலைவு என்றார்கள். தொலைக்காட்சி வருமானம் குறையும் என்றார்கள். ஒரு வெற்றி போதாது, தொடர்ந்து வெல்லட்டும் என்றார்கள். வெளியேறுவது யார் என்ற கேள்வி எழுந்ததும் எல்லார் முகமும் வேறு பக்கம் திரும்பியது. அதுதான் உண்மைக் காரணம். கடைசி இடம் பெற்றவன் வெளியேற வேண்டும் என்று விதி வந்தால், வேல்சு என்ன ஆகும்? 2024-இலும் 2025-இலும் கடைசி இடம் வேல்சுக்கு. 2023 முதல் 2025 வரை பதினெட்டு ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி. வேல்சை நான் நேசிக்கிறேன். கனவான்களின் ஆட்டத்தைச் சுரங்கத் தொழிலாளியின் ஆட்டமாக்கிய மண் அது. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் பேரன், மலைநாட்டு மல்லனின் பேரனுக்குக் கதவைத் திறக்கத் தயங்குகிறானே, அதுதான் வலிக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடை போடுவோம். ஜார்ஜியா எப்போதும் வெல்லவில்லை. 2018-இல் இத்தாலியிடம் தோற்றது. 2023 உலகக் கோப்பையிலே ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. போர்ச்சுகலோடு 18-க்கு 18 என்று சமன் செய்ததுதான் மிச்சம். 2024 நவம்பரிலே செனோவா நகரில், இடைவேளையில் முன்னிலையிலே இருந்தும், இத்தாலியிடம் 20-க்கு 17 என்று கோட்டைவிட்டது. 2025 சூலையில் அயர்லாந்து திபிலிசிக்கே வந்து 34-க்கு 5 என்று வென்றுபோயிற்று. எல்லாம் உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆண்டு முழுதும் பெரியவர்களோடு ஐந்து ஆட்டம் ஆடுகிறவனும், எப்போதாவது ஒன்றிரண்டு ஆட்டத்துக்கு அழைக்கப்படுகிறவனும், ஒரே தராசிலே எடை போடத்தக்கவர்களா? பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் வைத்துவிட்டு, படிக்கத் தெரியவில்லையே என்று கேட்ட கூட்டத்தை நாம் பார்த்ததில்லையா?

இந்த ரக்பிக் கனவான்களுக்குக் கதவடைப்பு புதிதல்ல. அக்காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியிலே ஆலைத் தொழிலாளர்கள் ரக்பி ஆடினார்கள். சனிக்கிழமையும் வேலை நாள். ஆடப் போனால் அரைநாள் கூலி போகும். இழந்த கூலியைச் சங்கம் ஈடு செய்யட்டும் என்று கேட்டார்கள். கூலியா? கூடாது! பணத்துக்காக ஆடுவது கேவலம் என்றார்கள், பரம்பரைச் சொத்திலே வாழ்ந்த கனவான்கள். 1895 ஆகஸ்டு 29-ஆம் நாள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரிலே வடபகுதிச் சங்கங்கள் கூடிப் பிரிந்து, தனி ஆட்டம் கண்டன. ‘ரக்பி லீக்’ என்பது அதன் வழித்தோன்றல். நூறு ஆண்டு கழித்து, 1995-இல், கனவான்களின் ரக்பியே சம்பளத்துக்கு ஆட இசைந்தது. அப்போது கேவலமாகத் தெரியவில்லை! பிரான்சையும் விட்டுவைக்கவில்லை, திரைமறைவிலே ஆட்டக்காரர்க்குப் பணம் தருகிறாய் என்று குற்றம் சாட்டி 1931-க்குப் பிறகு வெளியே நிறுத்தினார்கள். உலகப் போர் முடிந்து 1947-இல்தான் பிரான்சு மீண்டும் உள்ளே வந்தது.

அந்த மூடிய வீட்டின் உள்ளே நம் நாட்டுப் பொருள் ஒன்று இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1873-இல் கல்கத்தாவிலே வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பிச் சங்கம் தொடங்கினார்கள். இலவசச் சாராயம் இருந்தவரை சங்கம் செழித்தது. அது நின்றதும் உறுப்பினர்கள் நழுவினார்கள் என்பது வரலாறு. கடையைக் கட்டும்போது வங்கியிலே இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, இந்தியக் கைவினைஞரைக் கொண்டு ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு வடிவம். மூடியின் மேலே யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன. இப்போது அந்த ஆட்டம் ஆறு நாட்டுப் போட்டியின் பகுதி. பெயர் கல்கத்தாக் கோப்பை. இந்தியாவின் வெள்ளி உள்ளே போகலாம். யானை போகலாம், பாம்பும் போகலாம். எட்டு முறை வென்ற ஜார்ஜியன் போகக்கூடாது!

2021-இலே ‘கருஞ்சிங்கம்’ என்ற பெயரில் திபிலிசியைத் தாயகமாகக் கொண்ட தொழில்முறை அணி ஒன்றை உருவாக்கினார்கள், பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்கு ஓடாமல் உள்ளூரிலேயே ஆடட்டும் என்று. 2023-24 பருவத்திலே ஐரோப்பியச் சங்கங்களின் இரண்டாம் நிலைக் கோப்பைக்கு அதனை அழைத்தார்கள். ஒரு சன்னல் திறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கதவு? 2026-ஆம் ஆண்டு முதல் நடத்துவதென்று புதியதோர் உலகப் போட்டியை வகுத்தார்கள். பன்னிரண்டு நாடுகள். ஐரோப்பாவின் அந்த ஆறு. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா. கூடவே ஜப்பான், பிஜி. 2024 சூலையிலே ஜப்பானை அதன் மண்ணிலேயே, செண்டை நகரிலே, 25-க்கு 23 என்று வென்றவர்கள் ஜார்ஜியர். பட்டியலிலே ஜப்பான் இருக்கிறது, ஜார்ஜியா இல்லை. இரண்டாம் வரிசைக்கென்று வேறொரு போட்டி. அதிலே இடம் தந்தார்கள். கீழே வென்றவன் மேலே ஏறும் விதி எப்போது வரும் என்று கேட்டதற்கு, 2023-இலேயே பதில் சொல்லியிருந்தார்கள்: 2030.